முகவரியில் இரண்டு சொல்

பொட்டலம் என் கைக்கு வந்தபோது
அதன்மேல் ஆறு ஊர்களின் முத்திரை இருந்தது.
ஆறும் ஒரே பெயர்.

டொலோரெஸ்.
வலிகள் என்று பொருள். பன்மைதான் எப்போதும்.
எங்கள் கோயிலில் மார்பில் ஏழு வாளோடு நிற்கும்
வியாகுல மாதாவின் பெயர் அது.
கப்பலில் வந்தவர்கள் அதைச் சில்லறைபோல்
பையில் போட்டு வந்திருக்க வேண்டும்,
இறங்கிய இடத்திலெல்லாம் ஒன்று வைத்துவிட்டுப் போனார்கள்.

அலிகான்டே பக்கத்து டொலோரெஸில்
பதினோரு நாள் கிடந்திருக்கிறது.
"இங்கே கூனைப்பூ விளையும், இந்த அம்மாள் விளையவில்லை"
என்று பச்சை மையில் ஒரு குறும்புக்காரர்.
பிலிப்பைன்ஸ் மழையில் ஒரு மூலை ஊறி
உப்பிக் காய்ந்திருந்தது.
குவாத்தமாலாவில் அழகான கையெழுத்து.
எல் சால்வதோரில் யாரோ
தன் காசில் புதுக்கயிறு வாங்கிக் கட்டியிருந்தார்,
ஒட்டகத்துக்குப் போடுகிற முடிச்சு.
கொலராடோ ஒன்றும் சொல்லவில்லை.
அர்ஜென்டினாக்காரர்கள் மட்டும்
"ஆற்றுக்கு எதிர்க்கரையில் கேளுங்கள்" என்றார்கள்.

எதிர்க்கரை நான்.
நீபியா ஒலாசாபால்,
தபால் நிலையம், ஒரே ஜன்னல்,
சொரியானோ மாவட்டம், உருகுவே.

கிழிந்த ஓரத்தில் மூக்குக்கண்ணாடி தெரிந்தது.
கறுப்புச் சட்டம், தடித்த வில்லை.
அனுப்பியவர் பெயர் ஈரத்தில் கரைந்துவிட்டது.
பெறுபவருக்கு இரண்டே சொல்,
ஒன்றன் கீழ் ஒன்று:

மெர்செடெஸ்
டொலோரெஸ்

ஆறு ஊர்க்காரர்களும்
மெர்செடெஸ் என்றொரு பெண்ணைத் தேடியிருக்கிறார்கள்.
எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.
எங்களுக்குப் பக்கத்து ஊரே மெர்செடெஸ்,
கருணைகள் என்று பொருள், அதுவும் பன்மை,
பேருந்தில் போனால் ஒரு மணி நேரம் ஆகாது.
அங்கே டொலோரெஸ் என்று எத்தனை பெண்கள்!
வலிகளில் குடியிருக்கும் கருணைக்கா இது,
கருணைகளில் குடியிருக்கும் வலிக்கா?

காலைப் பேருந்தில் அனுப்பினேன்.
மாலைப் பேருந்தில் திரும்பி வந்தது.
"பதினாலு டொலோரெஸ் இருக்கிறார்கள்.
பதினாலு பேருக்கும் கண் நன்றாகத் தெரிகிறதாம்."

மிச்சம், எங்கள் ஊரின் மெர்செடெஸ்கள்.
ஒருத்திக்கு வயது நாலு.
ஒருத்தி போன வாரம்தான்
வேறு கண்ணாடி வாங்கினாள், ரசீதையும் காட்டினாள்.
மூன்றாமவள் மெர்செடெஸ் இதுரால்தே,
தானியக் கிடங்கில் லாரி எடை போடுபவள்.
"எனக்கு அனுப்ப உலகத்தில் ஆள் இல்லை" என்றாள்.
சும்மா போட்டுப் பார்த்தாள்.

எடைமேடையின் முள்ளைப் பார்த்தாள்.
வெளியே நின்ற லாரியின் எண்ணை
ஒவ்வொன்றாகச் சொன்னாள்,
வாசலுக்கு எழுந்து போகாமல்.
பிறகு,
"இந்த ஜன்னல் இவ்வளவு அழுக்கா?"

விதிப்படி அது
மொண்டேவிடியோ கிடங்குக்குப் போகவேண்டிய பொருள்.
நான் ஏழாவது முத்திரையைக் குத்தினேன்:
சேர்ப்பிக்கப்பட்டது.

ஜூன் மாதக் குளிரில் ஒரு அஞ்சலட்டை.
அதே இரண்டு சொல் முகவரி,
இம்முறை நேரே என் ஜன்னலுக்கு.
முன்பக்கம் ஒரு கோயில், ஒரு சதுக்கம்,
ஒரு நாய் படுத்திருக்கிறது.
எந்த டொலோரெஸாகவும் இருக்கலாம்.
பின்பக்கம்,
"பொருந்துகிறதா?"
கையெழுத்து இல்லை, ஊர் இல்லை,
முத்திரை மை பட்டும் படாமலும்.

கிடங்குக்கு நடந்தே கொண்டுபோனேன்.
கோதுமைத் தூசி நடுவே
அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.
நாற்பத்தெட்டாயிரத்து இருநூறு கிலோ என்று
யாருக்கோ சீட்டு எழுதிக் கொடுத்தாள்.
சட்டத்தைக் கழற்றி, துடைத்து,
மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"இடது காதுக்குப் பின்னால்
கொஞ்சம் வலிக்கிறது என்று எழுது,"
என்றாள்.